டி.என்.ஏ. பொருந்திய பிறகும் ஒருவர் விடுதலையாவது எப்படி?

சட்ட மாணவர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிக்குச் சென்ற காதலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் டி.என்.ஏ. அறிக்கை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக இருந்தது. 2018இல் அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. அறிவியலே சொன்ன பிறகு விடுதலை எப்படி? டி.என்.ஏ. சான்றை நம்பலாமா, கூடாதா?

நம்பலாம். ஆனால் எதை நம்புகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆய்வக அறிக்கை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எங்களிடம் வந்த இந்தப் பொட்டலத்தில் இருந்த உயிரணுக்களும், அந்தக் குப்பியில் வந்த ரத்தமும் ஒரே ஆளுடையவை. பொட்டலத்துக்குள் இருப்பது சம்பவ இடத்தில் எடுத்ததுதானா, வழியில் யாராவது பிரித்தார்களா, எத்தனை நாள் எந்த அலமாரியில் கிடந்தது என்பதெல்லாம் ஆய்வகத்துக்குத் தெரியாது. அதை மருத்துவரும், புலன் விசாரணை அதிகாரியும், பொட்டலத்தைச் சுமந்து சென்ற காவலரும், மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம்) கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலரும்தான் கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். சுருளி வழக்கு உடைந்தது அந்த இடத்தில்தான்.

நான் குற்றவியல் வழக்கறிஞர். அரசுத் தரப்புக்கும் வாதாடியிருக்கிறேன், எதிரித் தரப்புக்கும் வாதாடியிருக்கிறேன். (நம் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவார்கள். குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்று சட்டம் கருதும் ஒருவருக்கு இப்படி ஒரு பெயரா என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.) இரு தரப்பிலும் நான் கண்டது, டி.என்.ஏ. என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்? மனிதர் எல்லாருடைய மரபணுத் தொடரும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வேறுபாடு. குற்றவியல் சோதனை முழுத் தொடரையும் வாசிப்பதில்லை. தொடரில் சில இடங்களில் நான்கெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு அது 11 தடவை வரும், இன்னொருவருக்கு 14 தடவை வரும். ஒவ்வொரு இடத்திலும் தாயிடமிருந்து ஓர் எண், தந்தையிடமிருந்து ஓர் எண் என நமக்கு இரண்டு எண்கள். ஓர் இடத்தில் ‘11, 14’ என்று இருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் இருபது இடங்களில் எல்லா எண்களும் ஒத்துப்போகும் இன்னொருவர், அவருடைய ஒற்றைக்கரு இரட்டையரைத் தவிர, கிடைப்பது அரிதிலும் அரிது. அமெரிக்காவின் தேசியத் தரவுத் தொகுப்பு முதலில் 13 இடங்களைப் பார்த்தது. 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. மாதிரி மிகக் குறைவாக இருந்தாலும் பி.சி.ஆர். முறையில் அந்தப் பகுதிகளை மட்டும் பல கோடி பிரதிகளாகப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு ரத்தத் துளி போதும் என்று சொல்வது இதனால்தான். பிறத்தியார் உயிரணு ஒன்றிரண்டு கலந்துவிட்டால் அதுவும் சேர்ந்தே பெருகும் என்பதும் இதனால்தான்.

ரத்தத்தில் டி.என்.ஏ. தருவது சிவப்பணு அல்ல, வெள்ளையணு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு, டி.என்.ஏ. இருக்கும் உட்கரு கிடையாது. முடி கிடைத்தால் வேர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வேர் இல்லாத முடியில் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.தான் கிடைக்கும். அது தாய் வழியில் மட்டும் இறங்குவது. ஒரு தாயின் பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். அதுபோல ஒய் குரோமோசோம் தந்தை வழியில் இறங்குவது. பாலியல் வழக்குகளில் பெண்ணின் உயிரணுக்களோடு ஆணுடையதும் கலந்திருக்கும்போது ஒய் சோதனை மிகவும் பயன்படும். ஆனால் பங்காளிகள் அனைவருக்கும் ஒரே ஒய்தான்: அப்பா, அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன். ஒரே தெருவில் பத்துப் பங்காளி வீடுகள் இருக்கும் ஊரில், ‘ஒய் சோதனை பொருந்துகிறது’ என்ற வாக்கியம் எத்தனை ஆண்களைச் சுட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அறிக்கையில் எந்த வகைச் சோதனை என்று பார்க்காமல் ‘டி.என்.ஏ. பொருந்தியது’ என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அது ஆபத்தான வாதம்.

இந்த முறை பிறந்த கதையே உங்கள் கேள்விக்குப் பாதி விடையைத் தரும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 செப்டம்பரில் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டறிந்தார். அதே லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையும் அவன் செய்ததுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் காவல்துறை ஜெஃப்ரிஸை நாடியது. இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இந்த இளைஞன் அல்ல என்று சோதனை காட்டியது. ஆக, கொலை வழக்கு ஒன்றில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை, ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்துவிட்ட ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது. காவல் நிலையத்தில் ஒருவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் அதற்கு என்ன மதிப்பு என்பதை அந்தச் சோதனை அன்றே காட்டிவிட்டது.

பிறகு சுற்றுவட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. குற்றவாளியான காலின் பிட்ச்ஃபோர்க், தான் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலையின் சக ஊழியர் ஒருவரைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்த ஊழியர் மதுக்கடையில் இதைச் சொல்ல, காதில் விழுந்த ஒருவர் காவல்துறையிடம் சொன்னார். 1987 செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் கைதானான்; 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றான். குழாய்க்குள் இருந்த ரத்தம் பொய் சொல்லவில்லை. குழாய்மேல் எழுதியிருந்த பெயர்தான் பொய். இன்றைய வழக்குகள் வரை இந்த வேறுபாடு மாறவே இல்லை.

இந்தியாவில் இதற்கு வித்திட்டவர் லால்ஜி சிங். பாம்புகளில் ஆண், பெண் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமை ஆராய்ந்தவர். பட்டைக் கட்டுவிரியனில் கண்ட ஒரு தொடரை வைத்தே மனிதரைப் பிரித்தறியும் கருவியை உருவாக்கினார். 1980களின் இறுதியிலேயே ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அவர் குழு நீதிமன்றங்களுக்காகச் சோதனை செய்யத் தொடங்கிவிட்டது. தமிழகம் இந்தத் துறைக்கு அந்நியமானது அல்ல. குற்றத் தடயங்களைச் சோதிக்கும் இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் அமைந்தது சென்னையில்தான். தமிழகத்தில் டி.என்.ஏ. பரவலாகப் பேசப்பட்டதும் 1990களிலேயே. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா மீதான வழக்கில், ஆசிரமத்துப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவின் திசு ஹைதராபாத்தில் சோதிக்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து ஒரு மரபணு வல்லுநரையே எதிரித் தரப்பு சாட்சியாக அழைத்து வந்தது. இரு தரப்பு வல்லுநர்களையும் விசாரித்துத்தான் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997இல் தண்டனை வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதை உறுதி செய்தது. டி.என்.ஏ. வழக்கு நடக்கவேண்டிய விதம் அது. அறிக்கையைத் தாக்கல் செய்ததோடு நிற்காமல், அதை எழுதியவர் குறுக்கு விசாரணையைத் தாங்கினார்.

அதே காலத்தில் டெல்லியில் நேர்மாறான ஒன்று நடந்தது. 1996இல் சட்ட மாணவி ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். எதிரி ஒரு மூத்த காவல்துறை அதிகாரியின் மகன். ஹைதராபாத் சோதனை அவருக்கு எதிராக இருந்தது. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் சந்தேகம் கொண்ட விசாரணை நீதிமன்றம் 1999இல் அவரை விடுவித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல் அந்தச் சந்தேகங்களுக்கு அடிப்படை இல்லை என்று கண்டு தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2010இல் குற்றத்தை உறுதி செய்து, தூக்கை ஆயுளாகக் குறைத்தது. ஒரு துறை வல்லுநர் சாட்சியம் சொல்லி, அது குறுக்கு விசாரணையில் அசையாமல் நின்றால், அதன் இடத்தில் நீதிபதி தன் சொந்த ஊகத்தை வைக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சந்தேகம் வேண்டும்தான், ஆனால் அது சான்றிலிருந்து எழவேண்டும். ‘யாராவது மாற்றியிருக்கலாமே’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சட்டத்தின் கண்ணில் சந்தேகம் ஆகாது.

இப்போது மாதிரி எடுக்கும் இடத்துக்கு வருவோம். வழக்கின் தலையெழுத்து தீர்மானமாவது இங்கேதான், ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால், ஒரு வாரத்தில் அது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உணவாகிவிடும். நம் ஊர் வெயிலில் அவ்வளவு நாள்கூடத் தேவைப்படாது. நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடவேண்டும். உடற்கூறு ஆய்வில் எடுக்கும் திசுவைப் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டு அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. நோய்க்கூறு ஆய்வுக்கு ஃபார்மலின் சரி, டி.என்.ஏ.வை அது சிதைத்துவிடும். எடுப்பவர் கையுறை மாற்றவேண்டும். எதிரியின் உடையையும் பாதிக்கப்பட்டவரின் உடையையும் ஒரே மேசையில் விரித்து, ஒரே ஆள் பொட்டலம் கட்டக்கூடாது. நான் வாதாடிய ஒரு வழக்கில் இரண்டு பேருடைய ஆடைகளும் ஒரே மஞ்சள் பையில் நீதிமன்றத்துக்கு வந்தன. பொருந்தியது என்று அறிக்கை சொன்னது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? பாதிக்கப்பட்ட அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள் என்று நான் இன்றும் நம்புகிறேன். அவளுக்குத் துணையாக இருந்திருக்கவேண்டிய சான்றை ஒரு துணிப்பை தின்றுவிட்டது.

அடுத்தது காலம். 2012 பிப்ரவரியில் டெல்லியில் கடத்தப்பட்ட 19 வயதுப் பெண்ணின் கொலை வழக்கு ‘சாவ்லா வழக்கு’ என்று அறியப்பட்டது. மூவருக்குத் தூக்கு. எடுத்த மாதிரிகள் பிப்ரவரி 27 வரை காவல் நிலையப் பொருள் அறையிலேயே கிடந்தன. இடைப்பட்ட நாட்களில் எதுவும் நடக்கவில்லை என்று காட்ட ஆதாரம் இல்லை. சோதனையில் என்ன முறை கையாளப்பட்டது, முடிவு எந்த அடிப்படையில் வந்தது என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஆராயவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லி மூவரையும் விடுவித்தது. நாடே கொதித்தது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு யார் என்ன பதில் சொல்வது? கோபம் நியாயம்தான். ஆனால் அது தீர்ப்பு எழுதியவர்கள்மேல் பாய்ந்த அளவுக்கு, பொட்டலத்தைப் பொருள் அறையில் போட்டுவைத்த முறையின்மேல் பாயவில்லை.

சுருளி வழக்கிலும் இதே நோய். மாதிரி எடுத்ததிலிருந்து ஆய்வகம் போகும்வரை யார் பொறுப்பில், எங்கே, எவ்வளவு நாள் இருந்தது என்பதற்குத் திருப்தியான கணக்கு இல்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. கண்ணால் கண்ட சாட்சி இல்லாத, சந்தர்ப்பச் சூழ்நிலைகளை மட்டும் நம்பிய வழக்கு அது. அப்படிப்பட்ட வழக்கில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். இங்கே அறுந்தது முக்கியமான கண்ணி. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு விடுதலையோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. மாதிரி எடுத்ததும் முதல் தகவல் அறிக்கை எண், பிரிவு, விசாரணை அதிகாரி விவரம் எழுதி முறையாகப் பொதியவேண்டும். மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திடவேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுதவேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கக்கூடாது. எடுத்த நாள் முதல் தண்டனையோ விடுதலையோ ஆகும்வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு பொறுப்புச் சங்கிலிப் பதிவேட்டில் எழுதி, அதை வழக்குக் கட்டோடு சேர்க்கவேண்டும். இவற்றில் எதுவும் புதுமை அல்ல. பலசரக்குக் கடைக்காரர்கூட எழுதிவைக்கும் வரவு செலவுக் கணக்குதான். ஒருவர் உயிரை முடிவு செய்யும் பொருளுக்கு அந்தக் கணக்கு இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

ஆய்வகத்துக்குள்ளேயும் பிழை நேரும். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் சுமார் நாற்பது குற்ற இடங்களில் கிடைத்ததோடு பொருந்தியது. கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை எல்லாவற்றிலும் அதே பெண். ஐரோப்பாவே தேடியது. 2009இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிந்த ஆலையின் தொழிலாளி ஒருவருடைய டி.என்.ஏ. அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். கிருமி நீக்கினால் கிருமி சாகும், டி.என்.ஏ. போகாது. காவலரைக் கொன்றது நவநாஜிக் குழு ஒன்று என்று 2011இல்தான் வெளிவந்தது. அத்தனை ஆண்டுகள் இல்லாத ஒரு பெண்ணின் பின்னால் ஓடியிருக்கிறார்கள்.

இன்னொன்று கலிஃபோர்னியாவில், 2012இல் நடந்தது. ஒரு வீட்டில் கொள்ளையரால் கொல்லப்பட்டவரின் நகத்தடியில் கிடைத்த டி.என்.ஏ., வீடில்லாத ஓர் ஆணுடையதோடு பொருந்தியது. ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் அளவுக்கு மீறிய போதையில் மருத்துவமனையில் படுத்திருந்ததை அவருடைய வழக்கறிஞர் கண்டுபிடித்தார். அவரை அன்று தூக்கிச் சென்ற அதே அவசர ஊர்திப் பணியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி வழியாக அவருடைய உயிரணுக்கள் இறந்தவர் விரலுக்குப் போயிருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். மருத்துவமனைப் பதிவேடு என்ற காகிதம் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு என்ன ஆகியிருக்கும்? தொட்டதில் ஒட்டும் உயிரணுக்களைக்கூடச் சோதிக்கும் அளவுக்கு நுட்பம் வளர வளர, ‘இது இவருடையது’ என்பதிலிருந்து ‘இவர் அங்கே இருந்தார்’ என்று தாண்டுவது கடினமாகிக்கொண்டே போகிறது.

எண்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீதிமன்றத்தில் அதிகம் மயக்குவது இதுதான். மாதிரி சிதைந்து சில இடங்களில் மட்டுமே எண் கிடைத்தது என்று வையுங்கள். அந்தக் குறை அமைப்பு பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்று வல்லுநர் சொல்கிறார். உடனே, ‘எதிரி நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று’ என்று அரசு வழக்கறிஞர் சொன்னால் அது தவறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. பத்து லட்சத்தில் ஒருவர் என்றால் இந்த மாநிலத்தில் மட்டும் 72 பேருக்கு அதே அமைப்பு இருக்கலாம். அவர்களில் இவர்தான் என்று காட்ட வேறு சான்று வேண்டும். அவர் அந்த நேரத்தில் அந்த ஊரில் இருந்தார், அவரிடமிருந்து இறந்தவரின் நகை கைப்பற்றப்பட்டது என்பது போல. முழு அமைப்பும் கிடைத்தால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை; எண் கோடானுகோடியில் ஒன்றாகிவிடும். ஆனால் எந்த எண் என்று அறிக்கையில் எழுதியிருக்கவேண்டும். 2022இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தற்செயலாகப் பொருந்துவதற்கான விகிதம் அறிக்கையில் தரப்படவில்லை என்பதையும் ஒரு குறையாகச் சுட்டி, உச்ச நீதிமன்றம் டி.என்.ஏ. சான்றை ஒதுக்கிவைத்தது, மற்ற சான்றுகளைக் கொண்டு குற்றத்தை உறுதி செய்தது. அத்தை மகள், மாமன் மகள் திருமணம் தலைமுறைகளாக நடக்கும் நம் சமூகத்தில், நெருங்கிய உறவினர்களிடையே பொது எண்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். சந்தேகத்துக்குரியவர்கள் உறவினர்களாக இருக்கும் வழக்கில் வல்லுநரிடம் இதைக் கேட்காத வழக்கறிஞர் தன் கடமையைச் செய்யவில்லை.

டி.என்.ஏ. பேசாத விஷயங்களும் உண்டு. அது நேரம் சொல்லாது. ரத்தக்கறை கொலையின்போது விழுந்ததா, ஒரு வாரம் முன்பு விழுந்ததா என்று தெரியாது. சம்மதம் இருந்ததா என்று சொல்லாது. வயது வந்த பெண் தொடுத்த வன்புணர்வு வழக்கில் எதிரி ‘உறவு இருந்தது, சம்மதத்தோடு’ என்று சொல்லிவிட்டால், டி.என்.ஏ. அறிக்கை மறுக்கப்படாத ஒன்றை நிரூபிக்கும் காகிதமாகிவிடுகிறது. அதற்குமேல் எல்லாம் அந்தப் பெண்ணின் சாட்சியம்தான். போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் நிலைமை வேறு. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை என்பதால், சிறுமி கருவுற்றிருந்தால் கருவின் டி.என்.ஏ. ஏறக்குறைய வழக்கையே முடித்துவிடும். பிறழ் சாட்சி சொல்லும்படி குடும்பமே சிறுமியை நெருக்கும் வழக்குகளில், அசையாமல் நிற்கும் ஒரே சாட்சி அந்தத் திசுதான். அதனால்தான் கருக்கலைப்புச் செய்யும் மருத்துவமனையில் திசுவை முறையாகப் பாதுகாக்காமல் விடுவதை நான் சிறிய கவனக்குறைவாகப் பார்ப்பதில்லை. அந்தச் சிறுமிக்கு மிஞ்சியிருந்த ஒரே நியாயத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவது அது.

‘டி.என்.ஏ. சோதனையே செய்யவில்லையே, வழக்கு நிற்குமா?’ என்றும் பலர் கேட்கிறார்கள். நிற்கலாம். சரவண பவன் நிறுவனர் ராஜகோபால் தண்டிக்கப்பட்ட கொலை வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2001 அக்டோபர் இறுதியில் கொடைக்கானல் காட்டில் கிடைத்த உடல் யாருடையது என்று நிறுவ, மண்டை ஓட்டின்மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை பயன்பட்டது. டி.என்.ஏ. சோதனை ஏன் செய்யவில்லை என்பது மேல்முறையீட்டில் ஒரு வாதம். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டி.என்.ஏ.வும் மற்ற வல்லுநர் கருத்துகளைப் போன்ற ஒரு கருத்துச் சான்றே, அதன் எடை வழக்குக்கு வழக்கு மாறும், வலுவான வேறு சான்று இருக்கும்போது அது இல்லாததால் மட்டும் அரசுத் தரப்புக்கு எதிராக முடிவு செய்ய முடியாது என்றது. அதே நேரம், வன்புணர்வு வழக்கில் எடுக்க வாய்ப்பிருந்தும் எடுக்காமல் விட்டால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். 2006இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-அ பிரிவு அதற்காகவே எதிரியை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், அவர் மறுத்தால் தேவையான அளவு பலம் பயன்படுத்தவும் இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. எதிரியின் ரத்தத்தை எடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லவைப்பது ஆகாதா என்றால், ஆகாது. உடல் அடையாளங்களைத் தருவது சாட்சியம் சொல்வது அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 1961இலேயே வரையறுத்துவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மட்டும் சம்மதம் கட்டாயம். அவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

2024 ஜூலை முதல், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே வரவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் டி.என்.ஏ.வுக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2019இல் மக்களவையில் அறிமுகமான மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2022இன் அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரி எடுக்கக் காவல்துறைக்கு அகலமான அதிகாரம் தருகிறது. எடுத்ததை எப்படிப் பாதுகாப்பது, விடுதலையானவரின் மாதிரியை எப்போது அழிப்பது என்பதில் அதே அளவு அக்கறை காட்டப்பட்டிருக்கவேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் சட்ட மாணவர் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை ஒரு டி.என்.ஏ. வழக்கின் கட்டு கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ‘பொருந்துகிறது’ என்ற சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். மாதிரி எடுத்த மருத்துவரின் குறிப்பில் உள்ள தேதியை எடுங்கள். மகஜரின் தேதி, நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதி, ஆய்வகம் பெற்றுக்கொண்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அனுப்பியபோது இருந்த முத்திரையும், ஆய்வகம் பெற்றபோது குறித்த முத்திரையும் ஒன்றா என்று பாருங்கள். பொட்டலத்தைக் கொண்டுபோன காவலர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா என்று தேடுங்கள். பல வழக்குகளில் இருக்கமாட்டார். அறிக்கையோடு எண்களின் அட்டவணை மட்டும் வந்திருந்தால், கருவி வரைந்த அசல் வரைபடத்தையும் கேட்டு மனுச் செய்யுங்கள். அரசு வல்லுநரின் அறிக்கையை அவரை விசாரிக்காமலே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறதுதான். ஆனால் நீதிமன்றம் அவரை அழைக்கலாம், நீங்கள் அழைக்கச் சொல்லலாம். அரசுத் தரப்பில் இருந்தாலும் அழையுங்கள்.

சுருளிக்குப் போன அந்த இருவரைக் கொன்றது யார் என்பதற்கு இன்று விடை இல்லை. விடுதலையானவர் ஏழு ஆண்டுகள் தூக்குக் கயிற்றை எதிர்பார்த்துப் படுத்து எழுந்திருக்கிறார். இறந்தவர்களின் பெற்றோர் பதினான்கு ஆண்டுகள் நீதிமன்ற வாசலைப் பார்த்திருக்கிறார்கள். 2011 மே மாதத்தில் எடுத்த அந்த மாதிரியோடு ஒழுங்காக எழுதிய ஒரு பக்கப் பதிவேடு இருந்திருந்தால், இந்த இரு தரப்பில் யாராவது ஒருவருக்காவது எப்போதோ விடை கிடைத்திருக்கும்.